ராஜி யாருக்கு லாபம்?

கலவை, திமிரி, ஆற்காடு வட்டாரத்தில் அடிதடி, அக்கிரமம் என்று எது நடந்தாலும் சில நாட்களில் ஒரு வார்த்தை காதில் விழும்: “பேசி முடித்தாயிற்று.” யார் பேசினார்கள்? யாரை எங்கே உட்கார வைத்துப் பேசினார்கள்? யாருக்காக முடித்தார்கள்? இந்தக் கேள்விகளைக் கேட்பவர் இல்லை. கேஸ் தீர்ந்தது, ஊர் அமைதியாயிற்று என்று எல்லோரும் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுகிறார்கள். அடிபட்டவன் மட்டும் அடிபட்ட இடத்திலேயே நிற்கிறான்.

ராஜி என்றாலே கூடாது என்று நாம் சொல்லவில்லை. கோர்ட்டு வாசல் உழைப்பாளிக்குச் சுகமான இடமல்ல. ஒரு வாய்தாவுக்கு ஒரு நாள் கூலி போகிறது. வக்கீல் பீஸ், பஸ் சார்ஜ் என்று கையில் இருப்பதும் போகிறது. அண்ணன் தம்பியின் வரப்புத் தகராறும், வாய் முற்றி விழுந்த ஓர் அறையும் பத்து வருஷம் கோர்ட்டில் இழுபட வேண்டியதில்லை. சட்டமே இதை ஒப்புக்கொள்கிறது. 1973-ம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 320-வது பிரிவும், அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 359-வது பிரிவும், எந்தெந்தக் குற்றங்களில் இரு தரப்பும் ராஜியாகலாம் என்று அட்டவணை போட்டுக் கொடுத்திருக்கின்றன. சாதாரணக் காயம், அத்துமீறி நுழைதல், அவதூறு போன்றவை அதில் உண்டு. கொலை அதில் இல்லை. பலாத்காரம் இல்லை. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் குற்றங்களும் இல்லை. கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் குற்றங்களும் இல்லை.

எல்லைக்கல் இவ்வளவு தெளிவாக நடப்பட்டிருக்கிறது. ஆனாலும் குற்றம் இழைக்கப்பட்டவர் பழங்குடியினர் என்றால் அந்தக் கல்லைப் பிடுங்கி எறிய ஒரு நியாயம் சொல்லப்படுகிறது. “அவர்கள் காடு மலை ஜனங்கள். அவர்களுக்கென்று வழக்கம் உண்டு. போலீசும் கோர்ட்டும் அவர்களுக்கு ஒத்துவராது. கூடிப் பேசி முடிப்பதுதான் அவர்கள் முறை” என்கிறார்கள். கேட்பதற்கு அனுதாபம் போலத் தோன்றுகிறது. அனுதாபம்தானா என்று உரைத்துப் பார்க்க வேண்டாமா?

மலையில் உள்ள வழக்கம்

ஆம்பூர், வாணியம்பாடித் தொழிலாளிகளுக்கு ஏலகிரியும் ஜவ்வாது மலையும் கண்ணுக்கு எட்டும் தூரம். அந்த மலைகளில் மலையாளி என்ற பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். பெயரைப் பார்த்துக் கேரளத்தார் என்று யாரும் எண்ண வேண்டாம். மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர். அவர்கள் பேசுவதும் தமிழ்தான். அவர்களிடையே தகராறு வந்தால் ஊர்க்கவுண்டரும் மூப்பர்களும் கூடுவார்கள். குற்றம் செய்தவன் ஊர் நடுவே ஒப்புக்கொள்ள வேண்டும். அபராதம் கட்ட வேண்டும். பெண்ணொருத்தி புருஷனை விட்டு வேறொருவனோடு வாழப் போனால், முதல் புருஷன் கொடுத்த பரிசப் பணத்தைப் புதியவன் திருப்பிக் கொடுத்துவிட்டால் விவகாரம் தீர்ந்தது. அவளை வெட்டுவதும் இல்லை, எரிப்பதும் இல்லை. நாகரிகம் படைத்ததாகச் சொல்லிக்கொள்ளும் சமவெளிச் சாதிச் செருக்கு இதைப் பார்த்துத் தலைகுனிய வேண்டும்.

இந்த வழக்கத்தின் உயிர் எங்கே இருக்கிறது? நேற்று சண்டை போட்ட இரண்டு பேரும் நாளைக்கு அதே ஒற்றையடிப் பாதையில் நடக்க வேண்டும். அதே சுனையில் தண்ணீர் எடுக்க வேண்டும். ஒருவனை ஜெயிலுக்கு அனுப்பினால் சாமைக் காட்டில் களையெடுக்க ஆள் இல்லை. ஆகையால் குற்றவாளியைத் துரத்துவதைவிட மறுபடி சேர்த்துக்கொள்வதே ஊருக்கு லாபம். தவிரவும், வாதியும் பிரதிவாதியும் பெரும்பாலும் ஒரே தரத்தவர். இவன் கொடுக்கும் கூலியில் அவன் வீட்டு அடுப்பு எரிவதில்லை. ஒருவன் ‘இந்தத் தீர்ப்பு எனக்குச் சம்மதமில்லை’ என்று சொன்னால் மற்றவன் அவனைப் பட்டினி போட முடியாது. இந்தச் சமநிலைதான் அந்த ராஜிக்கு யோக்கியதை தருகிறது.

உலகமும் இதைக் கண்டுகொண்டிருக்கிறது. நியூசிலாந்தில் 1989-ல் வந்த சட்டம், குற்றம் செய்த சிறுவர்களின் விஷயத்தில் மாவோரி மக்களின் முறையைப் பின்பற்றி, குடும்பத்தாரும் பாதிக்கப்பட்டவரும் கூடிப் பேசும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. சீனாவில் லியாங்ஷான் மலைகளில் வாழும் யீ மக்களிடையே நியாயம் தெரிந்த பெரியவர்கள் தகராறுகளைத் தீர்க்கும் பழக்கம் இன்றும் உண்டு. அந்நாட்டின் குற்ற நடைமுறைச் சட்டத்தில் 2012-ல் சமரசத்துக்கென்றே தனி அத்தியாயம் சேர்த்தார்கள். அங்கேயும் எல்லைக்கல் உண்டு: தனிப்பட்ட தகராறில் பிறந்த, மூன்று வருஷத்துக்குள் தண்டனை வரக்கூடிய குற்றங்களும், அஜாக்கிரதையால் நேர்ந்த சில குற்றங்களும்தான் அதில் அடங்கும். நம் நாட்டிலேயே அரசியல் சட்டத்தின் 371-ஏ பிரிவு நாகர்களின் வழக்கப்படியான சிவில், கிரிமினல் நியாய முறைக்குக் காப்பு தருகிறது. 1996-ல் வந்த பெசா சட்டம், ஐந்தாவது அட்டவணைப் பகுதிகளில் வழக்கப்படி தகராறு தீர்க்கும் முறையைக் கிராம சபை காத்துக்கொள்ளலாம் என்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி ஒன்றுகூட அறிவிக்கப்படவில்லை. 2011 ஜனத்தொகைக் கணக்கின்படி இங்கே பழங்குடியினர் 7.94 லட்சம் பேர், நூற்றுக்கு ஒருவர். நூற்றுக்கு ஒருவர்தானே என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது!

வழக்கம் என்றால் எல்லாம் தங்கம் என்றும் நாம் சொல்லமாட்டோம். கூடி உட்காரும் மூப்பர்கள் ஆண்கள். பெண்ணைப் பற்றிப் பேசும் சபையில் பெண்ணுக்கு இடமில்லை. ஊரை விட்டுத் தள்ளிவைப்பது என்ற கொடிய ஆயுதமும் அந்தச் சபையின் கையில் இருக்கிறது. பழங்குடிப் பெண்ணுக்குச் சொத்தில் பங்கில்லை என்று வழக்கத்தின் பேரால் பல இடங்களில் மறுத்தார்கள். 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட், பங்கு கூடாது என்று ஒரு வழக்கம் இருப்பது நிரூபிக்கப்படாதபோது பெண் என்ற ஒரே காரணத்தால் பங்கை மறுப்பது சமத்துவத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. வழக்கம் மனிதர்கள் உண்டாக்கியது. மனிதர்களே திருத்தவும் வேண்டும்.

ஏரிக்கரையில் நடப்பது

மலையிலிருந்து இறங்கி நம் வட்டாரத்துக்கு வருவோம். ராணிப்பேட்டை, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் ஜில்லாக்களில் ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் குடிசை போட்டு வாழ்பவர்கள் இருளர்கள். மிகவும் நலிந்த பழங்குடி என்று சர்க்காரே வகைப்படுத்தியிருக்கும் ஆறு சமூகங்களில் அவர்களும் ஒன்று. அவர்களுக்குக் காடும் இல்லை, காணியும் இல்லை. செங்கல் சூளை, ரைஸ் மில், மரம் வெட்டும் கூப்பு இவைதான் பிழைப்பு. அட்வான்ஸ் என்று சில ஆயிரம் கைமாறும். அன்றைக்கே குடும்பம் முழுவதும் அடகு வைக்கப்படுகிறது.

2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் ஜில்லாக்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 இருளர்களை அதிகாரிகள் மீட்டார்கள். அவர்களில் முதியவர் ஒருவர் அதிகாரியின் காலில் விழுந்த படம் நாடெங்கும் பத்திரிகைகளில் வந்தது. அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் கண் கலங்கினார்கள். கலங்கியது போதும். ஒன்றை யோசிக்க வேண்டும்: கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது, அந்தக் கடன் செல்லாது என்று அதில் எழுதியிருக்கிறது. பிறகும் 43 வருஷம் கழித்து ஒரு மனிதர் விடுதலைக்காகக் காலில் விழ நேர்ந்தது ஏன்?

ஒரு காரணம், இந்தப் ‘பேசி முடித்தல்’. சூளையில் அடிபட்ட இருளர் புகார் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எதிரி யார்? அவருக்கு வேலை தருபவன், அல்லது அவன் சொந்தக்காரன். சமரசம் பேச வருபவர் யார்? எதிரியின் சாதிக்காரரோ, அவரிடம் கடன்பட்டவரோ. பேச்சு நடக்கும் இடம் எது? எதிரியின் களத்து மேடு. இவர் தரையில், அவர்கள் நாற்காலியில். சில ஆயிரம் ரூபாயை நீட்டி, எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் ரேகை வாங்கிக்கொண்டு, “இது அவர்கள் வழக்கப்படி நடந்த சமாதானம்” என்று பேர் வைக்கிறார்கள். எந்த வழக்கம் இது? இருளர் வழக்கமா? இருளர் மூப்பர் யாரேனும் அந்தக் கூட்டத்தில் வாய் திறந்தாரா? இது ஆண்டையின் வழக்கம். பழங்குடியின் பேரை அதன்மேல் ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆகவே ராஜிக்கு ஓர் உரைகல் வேண்டும். அது மிகவும் எளிது. பாதிக்கப்பட்டவர் ‘முடியாது’ என்று சொன்னால் மறுநாள் அவருக்குச் சோறு உண்டா? கூலி உண்டா? குடிசை நிற்குமா? உண்டு என்றால் அது சமாதானம். இல்லை என்றால் அது சமாதானம் அல்ல, இரண்டாவது குற்றம்.

சட்டம் கொடுப்பதும் தரகன் கொடுப்பதும்

தரகர்கள் ஒளித்து வைக்கும் சில சங்கதிகளை நம் தோழர்கள் விரல் நுனியில் வைத்திருக்க வேண்டும்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் விதிகள் 2016-ல் திருத்தப்பட்டன. அதன்படி குற்றத்தின் தன்மைக்கேற்ப ரூ.85,000 முதல் ரூ.8.25 லட்சம் வரை பாதிக்கப்பட்டவருக்கு நிவாரணம் உண்டு. அது முதல் தகவல் அறிக்கை, குற்றப் பத்திரிகை, தண்டனை என்று கட்டம் கட்டமாக வரும். மீட்கப்பட்ட கொத்தடிமைகளுக்கு 2016 திட்டப்படி ரூ.1 லட்சம் முதல் ரூ.3 லட்சம் வரை மறுவாழ்வு உதவி உண்டு. முழுத் தொகையும் கைக்கு வருவது வழக்கின் போக்கோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. கேஸைக் கைவிட்டவர் எதை இழக்கிறார் என்று பாருங்கள்! தரகன் ஒரு கையால் சில ஆயிரத்தை நீட்டுகிறான். மறு கையால் லட்சத்தைப் பறிக்கிறான். தர்மம் செய்தவன் என்ற பேர் வேறு அவனுக்கு!

“ராஜிக்கு வராவிட்டால் இனி வேலையில்லை, கடையில் சாமான் இல்லை” என்று மிரட்டுகிறார்களா? 2016 ஜனவரி 26 முதல் அமலுக்கு வந்த திருத்தத்தின்படி, பழங்குடியினரைச் சமூக, பொருளாதார பகிஷ்காரம் செய்வதும் செய்வதாக மிரட்டுவதும் தனிக் குற்றம். குற்றவாளியைத் தண்டனையிலிருந்து தப்ப வைக்கப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம் என்று பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 213, 214 பிரிவுகள் சொல்லின. புதிய சட்டமும் அதை விட்டுவிடவில்லை. ராஜியாகக்கூடாத கேஸில் பணப்பையோடு நடுவில் நிற்பவர் பெரிய மனிதர் அல்ல, எதிரிக் கூண்டில் நிற்க வேண்டியவர்.

கோர்ட்டுகளும் பேசியிருக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கொன்றில் 2011-ல் சுப்ரீம் கோர்ட் கட்டப்பஞ்சாயத்து சட்டவிரோதம் என்று பேர் சொல்லியே கண்டித்தது. பலாத்கார வழக்கில் சமரசம் என்ற பேச்சே கூடாது என்று 2015 ஜூலையில் சொன்னது. அதற்குச் சில நாள் முன்புதான் சென்னை ஹைகோர்ட்டில் ஒரு பலாத்கார வழக்கு மத்தியஸ்தத்துக்கு அனுப்பப்பட்டிருந்தது. நாடெங்கும் கண்டனம் எழுந்து, சுப்ரீம் கோர்ட்டும் இப்படிச் சொன்ன பிறகு அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. வன்கொடுமைச் சட்ட வழக்கைச் சமரசத்தின் பேரில் ரத்து செய்வதானால், சம்மதம் உண்மையானதா, நிர்ப்பந்தத்தில் வந்ததா என்று மேல்கோர்ட்டுகள் அதிக ஜாக்கிரதையோடு பார்க்க வேண்டும் என்று 2021 தீர்ப்பு சொல்கிறது. அந்தக் கதவைத் திறந்தே இருக்கக்கூடாது என்பது நம் அபிப்பிராயம். திறந்திருக்கும் வரையில், காவல் பலமாக இருக்க வேண்டும்.

தோல் தொழிலாளிகளுக்கு இதை நாம் விளக்கத் தேவையில்லை. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டி உடைந்து 10 தொழிலாளிகள் மாண்டதை அவர்கள் மறக்கவில்லை. இப்படிச் சாவு விழும்போது குடும்பத்துக்குப் பணம் வர வேண்டும். அது அவர்கள் உரிமை. ஆனால் பணம் கொடுத்துவிட்டதால் குற்றம் கரைந்துவிட்டது என்று எவனாவது சொன்னால் ஒப்புக்கொள்வோமா? நஷ்டஈடு வேறு, குற்றத்துக்குத் தண்டனை வேறு. நமக்கு ஒரு நியாயம், இருளனுக்கு வேறொரு நியாயம் என்று இருக்க முடியுமா?

ராஜிக்குப் போகாதவர்கள்

“ஸ்டேஷனுக்குப் போனால் மட்டும் நியாயம் கிடைத்துவிடுமா?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பிறப்பாலேயே குற்றவாளி என்று முத்திரை குத்திய குற்றப் பரம்பரைச் சட்டத்தை 1871-ல் வெள்ளைக்காரன் கொண்டுவந்தான். அது 1952-ல்தான் ஒழிந்தது. அந்தப் புத்தி ஒழியவில்லை. 1993-ல் குறவர் சமூகத்து ராஜாக்கண்ணு கம்மாபுரம் போலீஸ் காவலில் செத்தார். அவர் மனைவிக்குப் பணம் காட்டி ராஜி பேசினார்கள். அவர் தொடவில்லை. கேஸ் நடந்தது, போலீஸ்காரர்கள் தண்டனை அடைந்தார்கள்.

வாச்சாத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் மேலே சொன்ன அதே மலையாளி மக்கள், தர்மபுரி ஜில்லாவில் சித்தேரி மலையடிவாரத்தில் வாழும் ஊர் அது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, போலீஸ், ரெவின்யூ ஆட்கள் புகுந்தார்கள். ஊரைச் சூறையாடினார்கள். 18 பெண்களைப் பலாத்காரம் செய்தார்கள். பிடித்துக்கொண்டு போன பெண்களைக் கொண்டே அவர்கள் ஊர்க்கவுண்டரை விளக்குமாற்றால் அடிக்க வைத்தார்கள் என்று அந்த மக்கள் சொல்லியிருக்கிறார்கள். பழங்குடியின் வழக்கத்துக்கு அதிகார வர்க்கம் கொடுத்த மரியாதை இது! மலை மக்களின் முறையை மதிப்பதாகப் பேசும் கனவான்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

அந்த ஊர் ராஜிக்குப் போகவில்லை. சி.பி.ஐ. விசாரணை வந்தது. 269 பேர் மீது குற்றம் சுமத்தப்பட்டது. 2011 செப்டம்பர் 29 அன்று, அதுவரை செத்துப்போன 54 பேர் நீங்கலாக, எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று தர்மபுரி கோர்ட் தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை ஹைகோர்ட் அப்பீல்களைத் தள்ளுபடி செய்தது. பாதிக்கப்பட்ட பெண்களுக்கு ரூ.10 லட்சம் கொடுக்க உத்தரவிட்டது. அதில் பாதியை பலாத்காரக் குற்றவாளிகளிடமே வசூலிக்கச் சொன்னது. 31 வருஷம்! தாமதத்தை நாம் மெச்சவில்லை. ஆனால் சாட்சிக் கூண்டில் ஏறிய அந்தப் பெண்கள் கை நாட்டு விற்கவில்லை. அவர்கள் பக்கத்தில் சங்கம் நின்றது, வக்கீல்கள் நின்றார்கள். தனியாக நின்றிருந்தால் முதல் வருஷமே ‘பேசி முடித்திருப்பார்கள்’.

செய்ய வேண்டியது

சர்க்காரை நாம் கேட்பது இவை. மலையூர்களில் சில்லறைத் தகராறுகளைத் தீர்க்கும் சபைகளை, பெண்களும் சமமாக உட்காரும்படி, கிராம சபையோடு சேர்த்து அங்கீகரியுங்கள். பெருங்குற்றங்கள் அங்கே போகாதபடி எல்லையைச் சட்டத்தில் எழுதுங்கள். பழங்குடியினர் வழக்கில் ராஜி என்ற மனு வந்தால், பாதிக்கப்பட்டவரை நீதிபதி தனியே அழைத்து, அவருக்கென்று ஒரு வக்கீல் இருக்க, கேட்டறியட்டும். வன்கொடுமைச் சட்ட விதிப்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டிய ஜில்லா கண்காணிப்புக் குழு தவறாமல் கூடட்டும். எத்தனை வழக்கில் சாட்சிகள் பிறழ்ந்தார்கள், ஏன் பிறழ்ந்தார்கள் என்று விசாரிக்கட்டும். நிவாரணத் தொகை தாமதமானால் தரகனுக்குத்தான் கொண்டாட்டம். பசித்தவனிடம்தான் அவன் வருகிறான்.

நம் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊரில் நாலு பேர் மதிக்கும் ஆள் என்பதால் உங்களைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிடுவார்கள். கட்சிக் கொடி கட்டிய ஆள் நடுவில் இருந்தால் ஏழை நம்புவான் என்று அவர்களுக்குத் தெரியும். வரப்புத் தகராறுக்குப் போங்கள். புருஷன் பெண்சாதி மனஸ்தாபத்துக்குப் போங்கள். நன்றாகப் பேசித் தீர்த்து வையுங்கள். ஆனால் கூலி கொடுப்பவன் கூலிக்காரனை அடித்த கேஸில், பெண்ணின் மானம் போன கேஸில், சாதிப் பேரைச் சொல்லி மிதித்த கேஸில், நடுவர் நாற்காலி உங்களுக்கு இல்லை. உங்கள் இடம் அடிபட்டவர் பக்கத்தில். அவரோடு ஸ்டேஷனுக்கு நடங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கேட்டு வாங்கிக் கொடுங்கள். வாய்தா நாளில் துணைக்குப் போங்கள். சூளையில் வேலை போனால் வேறு வேலைக்கு வழி செய்யுங்கள்.

‘முடியாது’ என்று சொல்லும் தைரியம் வானத்திலிருந்து விழுவதில்லை. நாளைய கூலிக்கு உத்தரவாதமும் பக்கத்தில் நாலு ஆளும் இருந்தால்தான் அது பிறக்கும். அந்த நாலு ஆளாக நிற்பதுதான் நம் வேலை. அதற்குப் பிறகும் பாதிக்கப்பட்டவர் தாமாக மனமிரங்கி மன்னிக்கிறாரா? மன்னிக்கட்டும்; அது அவர் பெருமை. அந்தப் பெருமையை அவர் சார்பில் விற்க ஒருவருக்கும் உரிமை கிடையாது.